குவாரி மூடலும் நில மீட்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கருங்கல், கிரானைட், சுண்ணாம்புக்கல் எடுப்பவர்களும், அவர்களுக்குச் சுரங்கத் திட்டம் எழுதுபவர்களும், குவாரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க நெய்வேலியும் கோலாரும் வரும்.

குத்தகை முடியும் நேரத்தில் மூடல் திட்டம் போட்டால் போதாதா?

போதாது. மூடுவதற்கு வேண்டியவை மூன்று: மேல்மண், பெஞ்ச் (குழிச் சுவரில் படிக்கட்டுப் போல விடும் தட்டு), பணம். கடைசி வருடத்தில் இந்த மூன்றும் கையில் இருக்காது.

பெஞ்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். குத்தகை நிலத்தின் அகலம் 100 மீட்டர். இரண்டு பக்கமும் பட்டா நிலம் என்பதால் பாதுகாப்பு இடைவெளி 7.5 மீட்டர் வீதம் போக, வெட்டக் கிடைப்பது 85 மீட்டர். ஆழம் 30 மீட்டர் என்றால், 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்ற கணக்கில் ஆறு படி இறங்க வேண்டும். நடுவில் ஐந்து பெஞ்ச் நிற்கும். பக்கத்துக்கு 25 மீட்டர் உள்ளே வந்துவிட்டால் அடித்தளம் 35 மீட்டர்தான். அந்தப் பெஞ்சுகளில் நிற்கும் கல் எடுக்கக் கூடாத கல். திட்டம் எழுதும்போதே அதை இருப்பிலிருந்து கழித்துவிட வேண்டும். கழிக்காமல் செங்குத்தாக எல்லை வரை வெட்டி இறக்கியவர், பிறகு பெஞ்ச் போடப் பக்கத்துக்காரர் பட்டாவுக்குள்தான் போக வேண்டும். அதற்கு வழியில்லை. மிச்சம் இருப்பது, உள்ளிருந்து கல்லையும் மண்ணையும் கொட்டிச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது. அதற்கு ஆகும் செலவு, எடுத்த கல்லின் லாபத்தைத் தின்றுவிடும்.

சட்டம் எந்த இடத்தில் இதைக் கட்டாயமாக்குகிறது?

சுண்ணாம்புக்கல், மேக்னசைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு 2003 ஏப்ரலில் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளில் கொண்டுவந்த திருத்தம்தான் தொடக்கம். இப்போது நடப்பில் இருப்பவை 2017 விதிகள். அவற்றில் இரண்டு திட்டங்கள் உண்டு. சுரங்கத் திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது படிப்படியான மூடல் திட்டம். மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டியது இறுதி மூடல் திட்டம். செய்த பாதுகாப்பு, மீட்பு வேலைகளைப் பற்றி ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் அறிக்கையும் போக வேண்டும். மேற்பார்வை இந்தியச் சுரங்கப் பணியகத்தினுடையது.

கருங்கல், கிரானைட், கிராவல் எல்லாம் சிறுகனிமம். இவற்றுக்குத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959. ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டத்திலும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளிலும் மூடல் வேலைகள் எழுதப்பட்டிருக்கும். 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் சொன்னது. 2020 ஜனவரி 8 அன்று காமன் காஸ் வழக்கில் இன்னொன்றும் சேர்ந்தது: தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, கால்நடை மேயும் அளவுக்குக் கொண்டுவருவதை அனுமதி நிபந்தனையாகவே வைக்க வேண்டும். இந்த வரியைப் படிக்காமலே மரக்கன்று எண்ணிக்கையை மட்டும் நிரப்பி அறிக்கை அனுப்புகிறவர்கள் அதிகம்.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரிக்குத் தனி வழிகாட்டுதல். 2009-இல் வந்து, 2013-இலும் அதற்குப் பிறகும் திருத்தப்பட்டது.

நிதிப் பிணையம் எவ்வளவு?

பெருங்கனிமத்தில், 2021 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு ‘ஏ’ வகைச் சுரங்கத்துக்கு (இயந்திரமயமான பெரிய சுரங்கம்) ஹெக்டேருக்கு ரூ.5 லட்சம், ‘பி’ வகைக்கு (மற்றவை) ரூ.3 லட்சம். அதற்கு முன் 3, 2 லட்சமாக இருந்தது. கணக்கிடுவது மொத்தக் குத்தகைப் பரப்புக்கு இல்லை. குழி, கழிவு மேடு, சாலை, கிரஷர் என்று பயன்பாட்டுக்கு வந்த பரப்புக்கு. 20 ஹெக்டேர் குத்தகையில் 8 ஹெக்டேர் பயன்பாட்டில் இருந்தால் ‘ஏ’ வகைக்கு ரூ.40 லட்சம். ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் பரப்பு 11 ஹெக்டேர் ஆகும் என்றால் பிணையமும் ஏறும். ஏலத்தில் எடுத்த குத்தகைக்குச் செயல்திறன் பிணையம் என்று வேறு ஏற்பாடு.

நிலக்கரியில் முறை வேறு. 2013 வழிகாட்டுதல்படி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு ரூ.6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு ரூ.1 லட்சம், 2009 ஆகஸ்ட் விலைநிலையில். அதைச் சுரங்கத்தின் ஆயுளுக்குப் பங்கிட்டு, ஆண்டுதோறும் ஏற்றத்தோடு எஸ்க்ரோ கணக்கில் (குறித்த வேலைக்கு மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட வேண்டும். பிறகு வந்த திருத்தத்தில் தொகை உயர்ந்தது.

பிணையத் தொகையையே மூடல் செலவு என்று நினைப்பது தவறு. வேலையைச் செய்யாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ள வைத்த அடமானம் அது. வேலைக்கான பணம் தனி.

அந்த வேலைக்கான பணத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு வேலையையும் அளவாக மாற்றுங்கள்: எத்தனை கனமீட்டர் மண் நகர்த்தல், எத்தனை மீட்டர் வேலி, எத்தனை மீட்டர் வடிகால், எத்தனை கன்று, எத்தனை வருடத் தண்ணீர். விலை போடும்போது உங்கள் சொந்த பொக்லைன், டிப்பரின் டீசல் செலவைப் போடாதீர்கள். வெளி ஒப்பந்தக்காரர் வந்து செய்தால் என்ன கேட்பார் என்று போடுங்கள். கல் தீர்ந்த பிறகு உங்கள் வண்டி அடுத்த குவாரிக்குப் போயிருக்கும். எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் சேர்த்து, விலையேற்றத்தையும் பாருங்கள். இன்றைய ரூ.10 லட்சம் வேலை, ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றத்தில் 15-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ரூ.20.8 லட்சம்.

மேல்மண்ணை எப்படி எடுத்து வைப்பது?

முதலில் குழி தோண்டி ஆழம் பாருங்கள். கருங்கல் நிலத்தில் 10–15 செ.மீ.கூட இருக்கலாம், அரியலூர்ப் பக்கக் கரிசலில் நிறையவே இருக்கும். நிறம் மாறும் இடம்வரை, பொதுவாக 15–30 செ.மீ., தனியாக வழித்து எடுக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் கிராவலோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

அளவு எவ்வளவு என்று பலருக்குத் தெரிவதில்லை. 1 ஹெக்டேரில் 30 செ.மீ. வழித்தால் 3,000 கனமீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 1,060 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). குவியல் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயரம் கூடினால் உள்ளே காற்று இல்லாமல் மண்ணுயிர் செத்துவிடும். மேலே மழைநீர் வாரிக்கொண்டு போகும். 2 மீட்டர் உயரத்தில் 3,000 கனமீட்டரைக் குவிக்க, சரிவையும் சேர்த்தால் கால் ஹெக்டேர்வரை இடம் கேட்கும். 2 ஹெக்டேர் குவாரியில் அவ்வளவு இடம் ஏது? அதனால் ஒரே மூச்சில் முழு நிலத்தையும் வழிக்காதீர்கள். அந்த ஆண்டு வெட்டப்போகும் பகுதியை மட்டும் வழித்து, உடனே எல்லைக் கரைக்கும் பசுமை வளையத்துக்கும் போட்டுவிடுவதே நல்லது.

குவித்தே ஆக வேண்டும் என்றால் மேலே கொழுஞ்சி, சணப்பு, நரிப்பயறு என்று எதையாவது விதைத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். டோசர் ஏறினால் ஓடு தட்டிப்போகும். இந்த மண்ணை வெளியே விற்பது அனுமதி நிபந்தனையை மீறுவது. பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே மேல்மண் காணாமல் போவது இப்படித்தான்.

கழிவுக்கல் மேட்டின் சரிவு எவ்வளவு இருக்கலாம்?

டிப்பர் கொட்டியபடி விட்டால் 35–38 பாகையில் நிற்கும். அந்தச் சரிவில் மண்ணும் நிற்காது, புல்லும் பிடிக்காது. உயரம் 1-க்கு அடி அகலம் 2, அதாவது சுமார் 27 பாகைக்குத் தணிக்க வேண்டும்.

10 மீட்டர் உயர மேட்டில் அதற்கு என்ன வேலை? 37 பாகையில் அடி அகலம் 13.3 மீட்டர், 1-க்கு 2-இல் 20 மீட்டர். மேல் விளிம்பை 3.3 மீட்டர் உள்ளே வெட்டி, அதே மண்ணைக் கீழே தள்ளினால் அடி 3.3 மீட்டர் வெளியே வரும். ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டு சுமார் 8.3 கனமீட்டர், 100 மீட்டருக்கு 830. டோசருக்குச் சில நாள் வேலைதான். ஆனால் மேட்டின் அடியை ஒட்டியே தடுப்புச் சுவர் கட்டியிருந்தால் அந்த 3.3 மீட்டருக்கு இடம் கிடைக்காது. சுவரை முதல் நாளே தள்ளிக் கட்டுங்கள்.

10 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் இன்னொரு அடுக்கு. நடுவில் 3 முதல் 5 மீட்டர் தட்டு. தட்டு உள்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்தால் மழைநீர் சரிவில் இறங்கி ஓடை வெட்டிவிடும். முதல் மழையில் விரல் அகலத்தில் தெரியும் கோடு, அடுத்த மழைக்காலத்தில் ஆள் இறங்கும் பள்ளமாகும்.

வடிகாலும் படிவுத் தொட்டியும் எந்த அளவில் வேண்டும்?

மணிக்கு 50 மி.மீ. மழை, அதில் 60 சதவீதம் ஓடிவரும் என்று கொண்டால் 1 ஹெக்டேரிலிருந்து வினாடிக்கு 83 லிட்டர். 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழ வாய்க்கால் இரண்டு ஹெக்டேர் நீரைத் தாங்கும். தொட்டியில் தண்ணீர் 20 நிமிடமாவது தங்க வேண்டும். அப்படியானால் ஹெக்டேருக்கு 100 கனமீட்டர், 10 × 5 × 2 மீட்டர். உள்வாய் ஒரு மூலை, வெளிவாய் எதிர்மூலை. இரண்டும் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் நேராக ஓடிவிடும், தொட்டி வெறும் அலங்காரம். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை வண்டல் அள்ள வேண்டும். கிரஷர் தூசி படிந்து பாதி நிரம்பிய தொட்டி அடுத்த புயல் மழையில் மொத்தத்தையும் ஏரிக்கே அனுப்பிவிடும்.

7.5 மீட்டர் எல்லை இடைவெளியில் வேலி, கரை, வடிகால், மரம் எல்லாம் எப்படி அடங்கும்?

அடங்கும், வரிசை சரியாக இருந்தால். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: வேலிக்கு அரை மீட்டர், மரவரிசைக்கு 2 மீட்டர், வடிகாலுக்கு 1 மீட்டர், கரைக்கு 2.5 மீட்டர், கரைக்கும் குழி விளிம்புக்கும் இடையே 1.5 மீட்டர். கரை 1 மீட்டர் உயரம், மேலே அரை மீட்டர் அகலம், மீட்டருக்கு 1.5 கனமீட்டர் மண். 200 × 100 மீட்டர் குத்தகையின் சுற்றளவு 600 மீட்டர். எல்லையில் இன்னும் வெட்டாத மூலை இருந்தாலும் அங்கும் கரை போடுங்கள். கரைக்கு மட்டும் 900 கனமீட்டர்வரை மேல்மண் போய்விடும்.

வடிகாலைக் குழி விளிம்பை ஒட்டி வெட்டுவது வழக்கமாக நடக்கும் பிழை. அதில் நிற்கும் நீர் சிதைந்த பாறைக்குள் இறங்கி விளிம்பையே இளக்கிவிடும். கீழே கருங்கல் 5 மீட்டர் பெஞ்சாக அழகாக நிற்கும். மேலே உள்ள 2–3 மீட்டர் மண்ணும் கிராவலும் மட்டும் செங்குத்தாக விடப்பட்டிருக்கும். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால் கல்தூண்கள் காலுக்குக் கீழே மண் இல்லாமல், முள்கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961 இதற்குத் தெளிவாகவே சொல்கின்றன: மண், கிராவல் போன்ற நெகிழ்ந்த தரையில் சரிவு 45 பாகைக்கு மேல் கூடாது, அல்லது பெஞ்ச் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. இறுகிய பாறையில் பெஞ்ச் உயரத்துக்கு உச்ச வரம்பு 6 மீட்டர்.

வேலிக்கு 7 அடிக் கல்தூண், 2 அடி மண்ணுக்குள். 3 மீட்டருக்கு ஒன்று என்றால் 600 மீட்டருக்கு 200 தூண், ஐந்து வரிசைக்கு 3,000 மீட்டர் முள்கம்பி. மூலைத் தூண்களுக்கு முட்டு கொடுக்காவிட்டால் ஒரே வருடத்தில் கம்பி தொய்யும்.

குழியை முழுவதும் மூடிவிட முடியாதா?

கருங்கல் குவாரியில் முடியாது. எடுத்ததில் பெரும்பகுதி ஜல்லியாகவும் எம்சாண்டாகவும் வெளியே போய்விட்டது. நிரப்ப எதுவும் மிச்சமில்லை. ‘மீண்டும் நிரப்பப்படும்’ என்று கருங்கல் குவாரித் திட்டத்தில் எழுதியிருந்தால், எதைக் கொண்டு என்று கேளுங்கள். பளபளக்கும் கிரானைட் வெட்டும் குவாரியில் நிலைமை நேர்மாறு. பெரும்பகுதி கழிவுக்கல்லாக மேட்டில் கிடக்கும். உடைத்த பாறை தன் பழைய கன அளவைப்போல் ஒன்றரை மடங்குவரை ஊதும். அங்கே நிரப்பலாம், மேடும் குறைந்துவிடும்.

குழியில் ஊர்க் குப்பையைக் கொட்டி மூடலாமே?

கூடாது. பாறைக் குழி தொட்டி போலத் தெரிந்தாலும் அதன் சுவரெல்லாம் விரிசல், வெடி வைத்ததால் இன்னும் கூடுதல் விரிசல். குப்பைச்சாறு அந்த வழியாகத்தான் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். அனல்மின் சாம்பலை நிரப்ப 2021 டிசம்பர் 31 அறிவிக்கையில் இடம் உண்டு. ஆனால் அதற்கென வகுத்த நடைமுறைப்படி, நிலத்தடி நீரைக் கண்காணித்துக்கொண்டுதான்.

குழியை நீர்த்தேக்கமாக விடுவதென்றால் என்னென்ன செய்ய வேண்டும்?

மூடல் திட்டங்களில் மிக எளிதாக எழுதப்படும் வரி, ‘குழியில் மழைநீர் சேமிக்கப்படும்’. மிகக் குறைவாக யோசிக்கப்படும் வரியும் அதுதான்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 1 ஹெக்டேர் குழி மேல் நேராகப் பெய்யும் மழை, ஆண்டுக்கு 950 மி.மீ. என்று வைத்தால், 9,500 கனமீட்டர். நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர்வரை ஆவியாகும். ஒன்றரை என்றே கொண்டாலும் 15,000 கனமீட்டர் போய்விடும். ஆக, மழையை மட்டும் நம்பினால் குழி நிறையாது. நிலத்தடி ஊற்று உள்ளே வந்தால் நிறையும். அது சுற்றுக் கிணறுகளின் தண்ணீர் என்பதையும் மறக்க வேண்டாம். வெளியிலிருந்து ஓடைநீரைத் திருப்பினால்தான் லாபம். 10 ஹெக்டேர் பரப்பில் பெய்வதில் 20 சதவீதம் ஓடி வந்தால் 19,000 கனமீட்டர் சேரும்.

இங்கேதான் முரண்பாடு. குவாரி ஓடிய காலமெல்லாம் வெளிநீர் உள்ளே வராமல் தடுக்கச் சுற்று வடிகால் போட்டோம். மூடிய பிறகும் அது அப்படியே இருந்தால் குழிக்கு நீர் வராது. மூடும்போது வடிகாலைப் படிவுத் தொட்டி வழியாக ஓர் இடத்தில் உள்ளே திருப்ப வேண்டும். திருப்பும் இடத்தில் சிதைந்த பாறை முடியும்வரை கல் பதித்த படிக்கட்டு வாய்க்கால் வேண்டும். கெட்டிப் பாறைக்குக் கீழே தண்ணீர் விழுந்தால் பாதகமில்லை. கீழ்ப்பக்கத்து ஏரிக்குப் போகும் ஓடையை மறிக்கிறோமா என்பதைப் பொதுப்பணிக் கணக்கிலும் கிராம வரைபடத்திலும் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். ஏரிப் பாசனக்காரர் வயிற்றில் அடித்து நிரப்பிய குழி யாருக்கும் உதவாது.

அடுத்தது உயிர். குவாரிக் குட்டையில் பிள்ளைகள் மூழ்குவது ஆழத்தால் மட்டும் இல்லை, கரை இல்லாததால். ஏரியில் கால் வைத்தால் தரை படிப்படியாக இறங்கும். இங்கே ஓரடி தள்ளினால் முப்பது அடி. லாரி ஏறி இறங்கிய சரிவுப் பாதையை வெடி வைத்துத் தகர்க்காமல் விட்டுவையுங்கள். அது ஒன்றுதான் உள்ளே இறங்கவும் வெளியே ஏறவும் வழி. அதன் வாயில் பூட்டும் கேட். நீர்மட்டம் நிற்கும் உயரத்தில் ஒரு பெஞ்சாவது நீருக்கு அரை மீட்டர் கீழே வரும்படி பார்த்துக்கொண்டால், தவறி விழுந்தவர் நிற்க இடம் கிடைக்கும்.

முறையாகச் செய்தால் பலன் உண்டு. சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டில், 2017-இலும் 2019-இலும், மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் கைவிட்ட கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகருக்குக் கொடுத்தார்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதிக்காமல் கூடாது. தெளிவாகப் பச்சை நீலமாகத் தெரிவது சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012)-இன்படி பார்க்க வேண்டியவை: பி.எச். 6.5 முதல் 8.5, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை; புளூரைடு 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5, நைட்ரேட் 45, இதற்குத் தளர்வே கிடையாது. நைட்ரேட்டைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. வெடிக்காமல் சிந்தியது குழித் தண்ணீரில் கரையும். கோலிபார்ம் (கழிவுநீர்க் கலப்பைக் காட்டும் கிருமி) சோதனையும் வேண்டும். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை மாதிரி எடுங்கள்; மேல்மட்டத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

என்ன மரம், எப்படி நடுவது?

புல் முதலில். கொழுக்கட்டைப்புல், அருகம்புல், சரிவில் வெட்டிவேர். மண்ணைப் புல் பிடித்த பிறகு ஆவாரை, விராலி போன்ற புதர்கள். அப்புறம் வேம்பு, புங்கன், வாகை, உசில், இலந்தை. நீர் ஓரத்தில் நாவல், மருது, பூவரசு. சீமைக்கருவேலமும் தைல மரமும் வேண்டாம். சீக்கிரம் பச்சையாகத் தெரியும் என்பதைத் தவிர அவற்றுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

குழி 60 × 60 × 60 செ.மீ. மேல்மண் மூன்றில் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. 3 × 3 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,111 கன்று. வாரத்துக்குக் கன்றுக்கு 10 லிட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரி ஒன்று. இரண்டு கோடைக்கு இது தொடர வேண்டும். கன்று வாங்கும் செலவைவிடத் தண்ணீர்ச் செலவு பல மடங்கு. திட்டத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தாலே நட்டவர் வளர்க்கப்போகிறாரா என்று தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாவட்டங்களில் முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். உலகச் சுற்றுச்சூழல் நாளுக்காக ஜூன் 5 அன்று நடுவது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

சுண்ணாம்புக்கல் நிலத்தில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது தண்ணீர்க் குறை இல்லை. காரத் தன்மையால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. தொழுவுரத்தைக் கூட்டி, அன்னபேதி உப்பை நீரில் கரைத்து இலையில் தெளித்தால் தெளியும்.

நெய்வேலி போன்ற பெரிய சுரங்கத்தில் மூடல் எப்படி வேறுபடுகிறது?

அங்கே மூடல் தினமும் நடக்கிறது. முன்னால் மண்ணை வெட்டி, கன்வேயரில் கொண்டுபோய், பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த பின்பக்கக் குழியில் கொட்டுகிறார்கள். மண் ஊதுவதால் எடுத்த மண்ணே குழியை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஆனால் முதல் வெட்டின் மண் வெளியே மேடாகக் கிடக்கும். கடைசி வெட்டு குழியாகவே நிற்கும். புதிதாகக் கொட்டிய மண் பல ஆண்டு அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதன் மேல் கட்டடம் கூடாது, பயிரும் மரமும் சரி. ஆழத்திலிருந்து வந்த அந்த மண்ணில் அங்ககக் கரிமம் மிகக் குறைவு. பசுந்தாள் உரம் பல பருவம் மடக்கி உழ வேண்டும்.

இன்னொரு சிக்கல் தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு மேலே தள்ளும் ஊற்றுநீர் உண்டு. அடித்தளம் வெடித்துக் கிளம்பாமல் இருக்க இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தும் நாளில் நீர்மட்டம் எந்த வேகத்தில், எதுவரை ஏறும் என்பதே அங்கே மூடல் திட்டத்தின் மையக் கேள்வி.

மூடல் திட்டம் இல்லாமல் மூடினால் என்ன ஆகும்?

கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி, 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டிய சுரங்கம். 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூடல் திட்டம் கட்டாயமானது 2003-இல். இறைப்பு நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய மாவு போன்ற கழிவு, கோடிக்கணக்கான டன், மேடுகளாக ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. வேலையும் போய், மேட்டை மூட மண்ணோ பணமோ பொறுப்பாளரோ ஒதுக்கப்படாமல், தொழிலாளர் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வேலை பார்க்கும் ஊரானது.

தொழிலாளர்களுக்கு மூடும்போது கொடுக்க வேண்டியவை?

நிலுவைக் கூலி, பணிக்கொடை, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றோடு மருத்துவத் தாளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சுரங்க விதிகளின்படி எடுத்த பரிசோதனையின் ‘படிவம் ஓ’ நகலும் மார்பு எக்ஸ்ரேயும் அவர்கள் கையில் போக வேண்டும். கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ், வேலை விட்டுப் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும். குவாரி அலுவலகமே இல்லாமல் போன பிறகு, எங்கே வேலை செய்தோம் என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.

கட்டடம், கிரஷர், வெடிமருந்துக் கிடங்கு?

வெடிமருந்து இருப்பைச் சூன்யமாக்கி, உரிமத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் கிடங்கை இடிக்க வேண்டும். டீசல் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கீழே எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி எடுத்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புங்கள். குழியில் தள்ளினால் அதே எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கான்கிரீட் அடித்தளத்தை உடைத்தெடுத்து, இறுகிய தரையை அரை மீட்டர் ஆழம் கீறிவிட்டால்தான் வேர் இறங்கும்.

ஊர்மக்கள் எதைக் கேட்டு வாங்கலாம்?

ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் கொடுக்க வேண்டிய அரையாண்டு இணக்க அறிக்கை. இந்த மூன்றும் இருந்தால் போதும். அனுமதிக் கடிதம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். மற்றவற்றை மாவட்டப் புவியியல், சுரங்கத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். திட்டத்தில் உள்ள மூடல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி நடந்தாலே எத்தனை பெஞ்ச் குறைகிறது என்று எண்ணிவிடலாம்.

மூடல் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

பெருங்கனிமத்தில், ஒப்புதல் பெற்ற திட்டப்படி பாதுகாப்பு, மீட்பு வேலைகள் முடிந்தன என்று சுரங்கப் பணியக அதிகாரி சான்று கொடுத்த பிறகுதான். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் தனியே அறிவிப்பு போக வேண்டும். சான்று கிடைத்தாலும் மூன்று மழைக்காலமாவது பார்த்துவிட்டே நிம்மதியாக இருக்க முடியும். விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் பக்கத்துக்கு ஓர் ஆணி அடித்து, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதுங்கள். விரிவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் அங்கே மேல்மண்ணைத் தணித்து வெட்ட வேண்டும். சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தை மே, ஜனவரி மாதங்களில் குறியுங்கள். கன்றுகளில் ஐந்தில் நான்கு நிற்க வேண்டும். செத்த இடத்தில் அடுத்த மழைக்கே மறுநடவு.

குத்தகைதாரர் எதுவும் செய்யாமல் போய்விட்டால்?

பெருங்கனிமச் சுரங்கம் என்றால் 30 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துப் பிணையத்தைப் பறிமுதல் செய்யலாம். இறுதி மூடல் திட்டத்தைக் காலத்தில் கொடுக்காமல் விட்டாலே பறிமுதல் செய்ய 2021 திருத்தத்தில் இடம் வந்தது. விதிகளுக்கு முந்தைய, சொந்தம் கொண்டாட ஆளில்லாத பழைய குழிகளுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைக் கேட்கலாம். கிராம சபைத் தீர்மானத்தோடு, குழியின் சர்வே எண், அளவு, வேலி போட வேண்டிய சுற்றளவு மூன்றையும் எழுதி ஆட்சியரிடம் கொடுங்கள். நடப்புக் குத்தகைதாரர் செய்ய வேண்டிய வேலைக்கு அந்த நிதியைச் செலவிடச் சொல்லி வரும் கோரிக்கைக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.